புறங்கை

அருக்காணி எறிந்த அதிரசப் பை கேட்டுக்கு மேலே பறந்து வந்து சூர்யகலாவின் மார்பில் விழுந்தது.

சூர்யகலா இரண்டடி பின்னால் போனாள். ஈர வாசலெல்லாம் அதிரசம்.

"ஏய்! பைத்தியமா புடிச்சிருக்குது?" மாடியிலிருந்து சூர்யகலாவின் புருஷன் சுரேஷ் கத்தினான்.

தீபாவளிக்கு முந்தின நாள். மழை விட்ட சாயங்காலம். சுரேஷ் அப்போதுதான் சீரியல் செட்டுக்கு சுவிட்ச் போட்டிருந்தான். மாடி, ஜன்னல், இரும்புக் கேட்டு, எங்கே பார்த்தாலும் விளக்கு. தெரு வாயைப் பிளந்து நின்றது. அத்தனை பேருக்கு முன்னால்தான் இந்தக் கூத்து.

சூர்யகலா என்ன செய்தாள்? வாசல் கழுவின ஈரக் காலோடு, "வா அருக்காணி" என்று கேட்டைத் திறக்க வந்தாள். அவ்வளவுதான்.

"மாமா, அதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பண்ணா. நம்ம கேட்டைப் புறங்கையால தட்டினா. அசிங்கத்தைத் தள்ளுற மாதிரி" என்றாள் சூர்யகலா, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மாமனாரிடம்.

மாமனார் பக்தவச்சலம் உப்பள முதலாளி. அருக்காணிக்கு அவரிடம்தான் வேலை. அவர் முகம் சிவந்தது.

"இவ புருஷன்காரன் குடிச்சிட்டு உப்புப் பாத்தியில விழுந்து செத்தான். இவளும் ஆரம்பிச்சிட்டாளா?"

"வெளிச்சத்தைப் பார்த்து வயித்தெரிச்சல் மொதலாளி" என்றான் எதிர்வீட்டுப் பக்கிரி. தெரு சிரித்தது.

அருக்காணி நகரவில்லை. இரண்டு கையையும் விரித்துக் கேட்டை மறித்து நின்றாள்.

"யாரும் தொடாதீங்க. கேட்டுல கரண்டு இருக்குது."

"போம்மா. லைட்டு போட்டப்புறம் நானே தொறந்து மூடினேன்" என்று இறங்கி வந்தான் சுரேஷ்.

"நீங்க ரப்பர் செருப்பு போட்டிருக்கீங்க தம்பி. அவங்க வெறுங்காலு."

சுரேஷ் முனகிக்கொண்டே டெஸ்டரை எடுத்து வந்து கேட்டில் வைத்தான்.

டெஸ்டர் விளக்கு எரிந்தது.

சிரிப்பு நின்றது. சூர்யகலா ஈரத்தை விட்டுப் படியேறி நின்றாள்.

"மெயினை அணைடா!" என்று மகனிடம் கத்தினார் பக்தவச்சலம்.

வீடு இருண்டது. சுரேஷ் செல்போன் வெளிச்சத்தில் தேடினான். போன வருஷத்து செட்டு. பார்க்காமலே எடுத்து மாட்டியிருக்கிறான். உப்புக்காற்றில் டேப் உரிந்து, ஒயர் மொட்டையாகக் கம்பியில் படுத்திருந்தது.

இப்போது அருக்காணி கேட்டைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகுதான் திறந்து உள்ளே வந்தாள். குனிந்து அதிரசத்தைப் பொறுக்கினாள்.

அத்தனை விளக்கை வேடிக்கை பார்த்த தெரு, அந்த ஒரு கையைப் பார்த்தது.

பக்தவச்சலத்தின் குரல் இறங்கியிருந்தது. "அதென்ன அருக்காணி, புறங்கை?"

"உள்ளங்கையால தொட்டா கரண்டு கையை மடக்கிப்புடுங்க. விடாது. புறங்கைன்னா உதறி விட்டுடும். நாலு வருஷமா எந்த இரும்பையும் நான் இப்படித்தான் தொடுறேன்."

"பெரிய விஷயம்மா இது! யாரு சொல்லிக் குடுத்தது?"

அருக்காணி நிமிர்ந்தாள்.

"யாரும் சொல்லலீங்க. எம் புருஷன் குடிச்சிட்டு விழுந்தாருன்னு போலீசுக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அன்னிக்குத் தெரிஞ்சிக்கிட்டேன். உங்க மோட்டார் பைப்பைப் புடிச்சிருந்த அவரு விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சவ நான்தாங்க, மொதலாளி."