பக்கத்து ஊர் வைத்த பெயர்

"ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டிட்டாராம்மா" என்றாள் ஜெசிகா. போலந்தில் வேலை பார்க்கும் அவள், தான் மணக்க விரும்பும் யோனாஸை முதன்முறையாக மைசூரு வீட்டுக்கு அழைத்திருந்தாள்.

அம்மா ஜேன் வாசலை எட்டிப் பார்த்தாள். "ஜெர்மன்காரர். அப்பாகிட்ட எப்படிடி பேசுவாரு?"

"சும்னே, காரணமில்லாம பயப்படாதேம்மா. ஜெர்மன்காரங்க தங்களை 'டாய்ச்'னு சொல்லிக்குவாங்க. 'மக்கள்'னு அர்த்தம். பிரெஞ்சுல 'அல்மான்'. போலந்துல 'நியெமியெத்ஸ்'. பேச்சு புரியாத பக்கத்து ஊர்க்காரங்க 'ஊமை'ன்னு வெச்ச பேராம் அது."

"ஐயோ, வர்றவரு முன்னாடி அதைச் சொல்லிடாதே!"

வாசலில் கார் நின்றது. ஹாலில் அப்பா எலியேசர் விறைப்பாக எழுந்து நின்றார். யோனாஸ் நேராக அவரிடம் வந்தான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களால் மெதுவாகக் கேட்டான்.

"உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். சம்மதமா?"

பிறவியிலேயே காது கேட்காத, வாய் பேச வராத எலியேசர் அசையாமல் பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் இதுவரை அவருடைய மொழியில் பேசியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். பிறகு கிட்டே போய், யோனாஸ் தவறாக மடக்கியிருந்த ஒரு விரலை நிமிர்த்திவிட்டார்.