நடுங்காத கை

"சஷ்டி விரதத்துல அண்ணனுக்கு மாத்திரை எதுக்கு மதினி? முருகனே கைநடுக்கத்த நிறுத்திட்டான் பாருங்க, அதுக்குப் போயி…"

"மக பிரசவத்துக்கு நான் போன நேரத்துல பார்க்கின்சன் மாத்திரைய நிறுத்திட்டியா, வடிவு? அது திடீர்னு நிறுத்துற மாத்திரையா?"

செண்பகம் கணவரின் கையைத் தூக்கினாள். முழங்கை மடங்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. கூப்பிட்டும் அவர் கண் திறக்கவில்லை.

"காய்ச்சல்தான் மதினி. கஷாயம் வைக்கேன்."

"இது வெறுங்காய்ச்சல் இல்ல, மாத்திரை நின்னதால உடம்பே இறுகிப்போச்சு. வாயில ஒண்ணும் ஊத்தாத, புரையேறிரும். ஆம்புலன்ஸக் கூப்பிடு. மாத்திரைய நிறுத்துனத அவங்ககிட்ட மறைக்காமச் சொல்லு."

வடிவு விபூதி படிந்த விரலால் செல்போனில் எண்களை அழுத்தினாள். நடுங்கிச் சோற்றைச் சிந்துகிறதென்று தினமும் தான் திட்டிய கையைச் செண்பகம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரேயொரு தடவ நடுங்குங்க."