மட்டையை முந்தினால் விசில்

"சார், வேல்பாண்டி மறுபடியும் வேட்டியை அவுத்துட்டாரு!"

பேரூராட்சி ஆபீசுக்கு இப்படி ஒரு போன் வந்தால் காபியைக் குடித்து முடிக்கவா முடியும்? செயல் அலுவலர் ஞானதுரை டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கண்மாய்க்குப் பறந்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள கண்மாய். போன வருஷம்தான் படகுச் சவாரி விட்டார்கள். கரையில் ஒரு போர்டு: 'படகின் நீளம் 3.60 மீட்டருக்கு மேல் கூடாது. மிதவேகத்தில் செல்லவும்.' அதைக் காப்பாற்ற ஒரு காவலர், வேல்பாண்டி. மிலிட்டரியில் இருந்து வந்தவர்.

போன் பண்ணிய வக்கீல் சூர்யபிரகாஷ் கறுப்புக் கோட்டோடு, கையில் புகார் மனுவோடு நின்றார்.

"ஊருக்கு நல்லது பண்ணலாம்னு கொச்சியில இருந்து மோட்டார் படகு வாங்கிட்டு வந்து நன்கொடையாத் தாரேன். இந்த ஆளு பண்றதைப் பாருங்க சார்!"

பார்த்தார். வேல்பாண்டி காக்கி டவுசரோடு நின்று, தன் எட்டு முழ வேட்டியைப் படகின் மேல் நீளவாக்கில் விரித்துக்கொண்டிருந்தார். பாதிப் படகு வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"படகு பெயில் சார்!" சல்யூட் அடித்தார்.

"டேப் வச்சு அளக்கக் கூடாதாய்யா?"

"போர்டுல 3.60 மீட்டர். வேட்டியிலயும் 3.60 மீட்டர்னு சீல் அடிச்சிருக்கு. இதுக்கு மேல டேப் எதுக்கு?"

"துவைச்சா வேட்டி சுருங்குமே!" வக்கீல் பாய்ந்தார். "போன மாசம் பாஸான படகு இந்த மாசம் பெயில் ஆகுது சார்!"

"படகு வளந்திருக்கும்," என்றார் வேல்பாண்டி.

வக்கீல் கண்மாய் நடுவில் கையைக் காட்டினார். ஒரு குட்டிப் படகு. அதில் ஒரு ஆண், ஒரு பெண்.

"பிரேம்குமார், வெங்கடேஸ்வரி. எனக்கு வேண்டியவங்க. காலையில ஏறுனவங்க, மத்தியானமாச்சு, பாதிக் கண்மாய் தாண்டல!"

"ஏன்யா?"

"மிதவேகம் சார்."

"அப்படின்னா?"

"மிதக்குற வேகம்." படகுக்கு முன்னால் மிதந்த தென்னை மட்டையைக் காட்டினார் வேல்பாண்டி. "மட்டையை முந்தக் கூடாது. முந்துனா விசில். அம்புட்டுத்தான்."

"மிதமான வேகம்யா அது!"

"அப்ப அப்படி எழுதியிருக்கணும்."

மட்டை எங்கே போகும்? காற்று தள்ளுகிற பக்கம் போகும். காற்று திரும்பினால் மட்டையும் திரும்பும். படகு பின்வாங்கி அதற்கு வழிவிட வேண்டும். போன வாரம் மட்டையை முந்திய ஆமை ஒன்று, விசில் சத்தத்துக்குப் பயந்து கரையேறி இவரிடம் சரணடைந்ததாகக் கேள்வி. பார்த்தவர் வேல்பாண்டி ஒருத்தர்தான்.

தண்ணீர் மேல் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"முட்டியை எடுங்க. இடிக்குது."

"எடுத்து எங்க வைக்க, தலையிலயா?"

"அப்ப நான் அந்தப் பக்கம் போறேன்."

"போயேன். அந்தப் பக்கம் தண்ணி."

"கேட்டீங்களா? சித்திரவதை!" என்றார் வக்கீல்.

ஞானதுரைக்கு ரத்தம் கொதித்தது. "வேல்பாண்டி, அவங்க கரைக்கு வந்து உம்ம மேல ஒரு குறை சொல்லட்டும். இன்னையோட உம்ம வேலை காலி."

வேல்பாண்டி வேட்டியை உதறிக் கட்டினார். "சரிங்க சார். ஆனா கூப்பிட்டுராதீங்க. செத்த நேரம் கழிச்சு அவியளா வரட்டும்."

"நான் கூப்பிடுறேன்!" வக்கீல் கையைத் தட்டினார்.

விசில் காதைக் கிழித்தது. வக்கீல் கையை இறக்கினார்.

மட்டை ஆடியது. படகும் ஆடியது.

"வெயில் அடிக்குது. முந்தானையைத் தலையில போட்டா என்ன?"

"இப்பத்தான் கண்ணு தெரியுதாக்கும்."

"காலையில இருந்து உன் மூஞ்சியைத்தானே பாக்கேன். வேற எதைப் பாக்க விட்டாரு அந்த மிலிட்டரி?"

ஒரு சிரிப்பு கேட்டது. அவளுடையது. பொறவு அவனுடையதும்.

ஒருவழியாக மட்டை கரை தட்டியது, பின்னாலேயே படகு. அவள் இறங்கக் கை நீட்டினாள். பிடித்தவன் விடவில்லை.

"பயப்படாமச் சொல்லும்மா," என்றார் ஞானதுரை. "இவர் மேல ஏதாவது குறை உண்டா?"

"உண்டு சார்."

வேல்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"காத்து அதுக்குள்ள கரைக்குத் தள்ளிருச்சு. இன்னும் செத்த நேரம் விட்டிருக்கலாம்."

இருவரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். வக்கீல் பின்னாலேயே ஓடினார்.

"பிரேம்குமார்! நாளைக்கு வாய்தா இருக்கு!"

"வரலை சார்!" திரும்பாமலே கையை ஆட்டினான் அவன்.

"என்ன வாய்தா?" என்றார் ஞானதுரை.

வக்கீல் வெடித்துவிட்டார். "விவாகரத்து கேஸ் சார்! பெரிய படகுன்னா ஆளுக்கொரு மூலையில உக்காந்திருப்பாங்க. வேகமாப் போயிருந்தா வாயைத் திறக்கவே நேரம் இருந்திருக்காது. சொந்தக்காரங்க ஜோடி ஜோடியாக் கொண்டாந்து இந்த ஆளுகிட்ட ஒப்படைக்கிறாங்க. என் கேஸெல்லாம் இந்தத் தண்ணியிலதான் சார் முங்குது!"

ஞானதுரை திரும்பினார். வேல்பாண்டி மட்டையை எடுத்து மறுபடியும் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார்.

"யோவ், மிதவேகம்னா என்னன்னு உமக்கு நெஜமாவே தெரியாதா?"

"மிலிட்டரியில தமிழ் சொல்லித் தரல சார்."

ஞானதுரை வக்கீல் கையில் இருந்த மனுவை வாங்கி, அதன் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. புகாரில் உண்மை உள்ளது. படகுகளின் தற்போதைய வேகம் அதிகமே. உடனே குறைக்கவும்.'