ஐந்தாம் நாள் அழுகை

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் செண்பகவல்லிக்குப் படபடப்பு நின்றது. கூடவே அழுகையும் நின்றுபோனது. அப்பாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்த பெண்களெல்லாம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். அவள் கண் காய்ந்தே கிடந்தது. “எங்கண்ணன் பொணமாக் கிடக்கான், பெத்த மவ கண்ணுல ஒரு சொட்டு வரலையே. கல்லுல்லா இவ!” என்றாள் அத்தை, வாசல்வரை கேட்கும்படி.

“மாத்திரைய சட்டுனு மட்டும் நிறுத்திராதீங்கம்மா, உடம்பு தாங்காது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தப் பேச்சைத் தாங்குவதற்கு அதைத் தாங்கிவிடலாம் என்று அன்றே நிறுத்தினாள். ஐந்தாம் நாள் உள்ளங்கை வேர்த்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும்போது கை உதறித் தட்டெல்லாம் சிந்தியது. பிறகு கண்ணீர் கொட்டத் தொடங்கியது, நிறுத்த முடியவில்லை. அத்தை ஓடிவந்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அழு தாயி, நல்லா அழு. இப்பத்தான் எங்கண்ணன் மனசு ஆறும்.” வந்தவர்கள் திருப்தியாக மூக்கைச் சிந்தினார்கள். அந்த அணைப்புக்குள் செண்பகவல்லி அப்பாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். நினைவுக்கு வந்ததெல்லாம் கைப்பைக்குள் மிச்சமிருந்த ஆறு மாத்திரைகள்தான்.