கசந்த விட்டமின் சி

“விட்டமின் சி-ன்னா புளிக்கும்டி. இது ஏன் கசக்குது?”

என் மனைவி திலகவதியின் குரல் சமையல்கட்டிலிருந்து வாசல்வரை கேட்டது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தேன். இன்னொன்று காலிலேயே இருந்தது.

“அத ஏம்மா நக்கிப் பாத்த?” இது எழில்மதி. என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள்.

“பின்ன? ஸ்கூல் பையில மாத்திரைய மடிச்சி வெச்சிக்கினு போறவள உக்கார வெச்சிக் கொஞ்சுவாங்களா? யாருடி குடுத்தது?”

“யாரும் குடுக்கல. அப்பா டப்பாவுலேர்ந்து எடுத்தேன். மேல விட்டமின் சி-ன்னுதான் எழுதியிருக்கு. வேணும்னா போய்ப் படி.”



ஒரு மாதமாகவே எனக்குச் சந்தேகம். பீரோவின் மேல் வைத்திருக்கும் அந்த டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டே வந்தது. எண்ணிப் பார்த்தேன். மூன்று குறைந்தது. பிறகு ஐந்து. மூடியையும் டப்பாவையும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் கோடு விலகியிருந்தது.

திலகவதியைத்தான் சந்தேகப்பட்டேன். சாப்பிடும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்தேன். தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறாளோ என்று. பக்கத்து குவார்ட்டர்ஸ் கொளஞ்சியப்பனும் நானும் ஒரே ஷிப்ட். அவர் மனைவியிடம் இவள் கொஞ்சம் மெதுவாகப் பேசினாலே ஜன்னலோரம் போய் நின்று ஒட்டுக்கேட்பேன்.

மகள்மேல் சந்தேகமே வரவில்லை.

“மேடையில பேசுற பசங்களுக்கு விட்டமின் சி குடுத்துப் பாத்தாங்களாம், டென்ஷன் கொறஞ்சிதாம். லைப்ரரி புக்குல போட்டிருக்கும்மா. எனக்கும் கொறஞ்சிது. நெஞ்சு அடிக்கிறதே தெரியல. கை நடுங்கவே இல்ல.”

அதைக் கேட்டதும் ஷூவோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் ஆண்டுவிழாவில் இவள் மைக் முன்னால் நின்றாள். “அனைவருக்கும் வணக்கம்” வரைதான் வந்தது. பேப்பர் ஆடுவது நாலாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. இறங்கி வந்தவள் பத்து நாள் பள்ளிக்கூடமே போகவில்லை.

இந்த வருஷம் அதே பெண் வட்டாரப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். நாளைக்குக் கடலூரில் மாவட்டப் போட்டி. எங்கள் பக்கத்திலிருந்து இவள் ஒருத்திதான் போகிறாள்.

“புக்குல கசக்கும்னும் போட்டிருந்தானா?” திலகவதி விடவில்லை. “ரெண்டு நாளா இன்ஹேலரும் கையுமா சுத்திக்கினு இருக்க. மூணு வருஷமா இல்லாத வீசிங் எங்கேர்ந்துடி வந்துது?”

“அது பனிக்காத்தும்மா.”

“ஆடி மாசத்துல பனிக்காத்தா? யாருகிட்ட காது குத்துற நீ?”

பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். பின்னாலேயே எழில்மதி.

“என்னாங்க, நீங்களே சொல்லுங்க. இது விட்டமின்தானா, இல்ல வேற எதுனாவா?”

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“எக்ஸ்பைரி ஆயிருக்கும்,” என்றேன். “அதான் கசக்குது. குடு, வேற வாங்கியாறேன்.”

திலகவதி டப்பாவை நீட்டினாள். நான் பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டாள்.

மெயின் பஜாருக்குப் போய் ஒரு அட்டை விட்டமின் சி வாங்கினேன். ஆரஞ்சு நிறம். வீட்டுக்கு வந்ததும் எழில்மதி ஒன்றை வாயில் போட்டுச் சப்பினாள்.

“இது மிட்டாய் மாதிரி இருக்குப்பா. பழசுதான் நல்லா வேல செஞ்சிது.”

வீட்டில் சொல்லாததை, முகம் தெரியாத இந்த ஆன்லைன் குரூப்பில் எழுதிவிடுகிறேன்.

டப்பா மட்டும்தான் விட்டமின். உள்ளே இருந்தது என் மாத்திரை. ஒரு வருஷமாக எனக்குக் கை நடுங்குகிறது. மைன்ஸில் மெஷின் ஓட்டுகிறவன் நான். தெரிந்தால் மெஷினை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன். நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்குகிற மாத்திரை அது. யாரும் கேட்கக் கூடாது என்றுதான் விட்டமின் டப்பாவில் கொட்டி வைத்தேன்.

முதல் நாளே டாக்டர் கேட்டார். வீசிங் இருக்கிறதா, இருந்தால் இந்த மாத்திரை ஆகவே ஆகாது என்று.

எனக்கு இல்லை என்றேன். எனக்கு இல்லைதான்.

பஜாரில் நின்றபடியே அவருக்குப் போன் செய்து, வீசிங் உள்ளவர் தெரியாமல் இதைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். மூச்சு இழுத்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இப்போது மூச்சு சீராக இருக்கிறது. இதோ பக்கத்து அறையில் பேச்சைச் சொல்லிப் பார்க்கிறாள். நான் பேச்சைக் கேட்கவில்லை, மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் சொன்னால், ‘அந்த மேடையில நின்னது நான் இல்ல, மாத்திரைதான்’ என்று நினைத்துவிடுவாள். அதனால் இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு அவள் பேரைக் கூப்பிடுவார்கள். வெறும் விட்டமின் சி போட்டுக்கொண்டு மேடை ஏறின பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? நிஜமாகவே பயம் குறைந்ததா? நாங்கள் ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். அதற்குள் யாராவது ஒருத்தர் பதில் போடுங்கள்.