கைப்பையில் வந்த ஷூ

“இந்தப் பை யாரோடது?”

விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற அதிகாரி கேட்டதும் மூத்தவள் கையைத் தூக்கினாள். அவர் ஜிப்பைத் திறந்து, அடியில் கிடந்த ஷூவை எடுத்துத் திருப்பினார். அடிப்பாகம் முழுக்க இரும்பு ஆணிகள்.

“இதை உள்ளே விட முடியாதும்மா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரக்கில் போகும் பெரிய பையில் அல்லவா அதை வைத்திருந்தாள்!

வரைபடமும் திசைகாட்டியுமாகக் காட்டுக்குள் குறியிடங்களைத் தேடி ஓடும் போட்டி அது. ஈரச் சரிவில் ஓட ஆணி ஷூ இல்லாவிட்டால் கால் நிற்காது. ஜெயிக்கிற ஒருத்திக்குத்தான் தேசிய அணியில் இடம். அக்கா தங்கை இருவருமே ஓடுகிறார்கள்.

“நான் வேணா ஓடிப்போய் சரக்குல போட்டுட்டு வர்றேன்...” என்றாள் மூத்தவள்.

“கவுன்ட்டரை மூடியிருப்பாங்க. நமக்கும் நேரமில்லம்மா, விட்டுரு” என்று அவசரப்படுத்தினார் அப்பா. அவர்தான் இருவருக்கும் பயிற்சியாளர். நெற்றி விளக்கின் பேட்டரி பெரிய பையில் போகக் கூடாதென்று, கவுன்ட்டர் வரிசையில் நின்றபோதே நினைவாக எடுத்துக் கைப்பையில் வைத்தவரும் அவர்தான். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்.

மூத்தவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். ‘நான் தூக்கிட்டு வர்றேங்கா’ என்று அந்தக் கைப்பையை வலிய வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டது இவள்தானே? என்றைக்கும் இல்லாத கரிசனம்!

“என்னோட ஷூவைப் போட்டுக்கக்கா. நான் சும்மா ஷூவுல ஓடிக்கறேன்.”

“உன் ஷூவுக்குள்ள என் கால் நுழையாதுன்னு உனக்குத் தெரியாது? கழுத்தை அறுத்துட்டு மருந்து போட வராதே!”

தங்கையின் முகம் செத்துப்போனது. விமானத்தில் மூன்று பேரும் ஒரே வரிசைதான். மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போய் இறங்கிய ஊரில் கடை கடையாக ஏறியும் அந்த மாதிரி ஷூ கிடைக்கவில்லை. போட்டியன்று விடியும்வரை மழை. சாதாரண ஷூவோடு ஓடிய மூத்தவள் எங்கேயும் வழி தவறவில்லை. ஆனால் கடைசிச் சரிவில் கால் வழுக்கி, ஓடைக்குள் போய் விழுந்தாள். நொண்டியபடி அவள் எல்லைக்கோட்டைத் தொட்டபோது, தங்கையைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடை மாற்றும் கூடாரத்தில், சேறு காய்ந்த காலோடு மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். அப்பா டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“வெளியே நின்னு அழறாம்மா. பதக்கத்தைக்கூடக் கழுத்துல போட்டுக்கல. வந்து ஒரு வார்த்தை பேசேன்.”

“எதுக்குப் பேசணும்? கூடப் பொறந்தவளே குழி பறிச்சுட்டா. தோத்தது வலிக்கலப்பா. நடக்கப் பழகினப்போ என் விரலைப் பிடிச்சுட்டு நடந்தவ அவ. அதுதான் வலிக்குது.”

“அப்படியெல்லாம் சொல்லாதம்மா...”

“நீங்க அவளுக்குப் பரிஞ்சுட்டு வராதீங்க. ஊருக்குப் போனதும் நான் தனியா வீடு பார்த்துக்கறேன். இனிமே செத்தாலும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்!”

அப்பாவின் கையிலிருந்த டீ அவர் மடியிலேயே சிந்தியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“அவ ஜெயிக்கட்டும், நீ எப்படியும் சமாளிச்சுக்குவேன்னுதாம்மா நான் அந்த ஷூவை எடுத்து உன் கைப்பையில வெச்சேன்.”