தலை முழுசாக வேண்டும்

கென்டக்கி மலைச்சரிவில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஹிக்கரி மரத்தடியில் நாட்டுத் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, அதன் வாயில் கரிமருந்தைக் கொட்டுகிறாள் லீத்தா. வழக்கமாக அணிலுக்குப் போடும் அளவைத் தாண்டி, மேலும் பாதி கொட்டுகிறாள். கணவன் வெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். "ஏய், மானா சுடப் போற? கொஞ்சமாப் போட்டுத் தலையில அடி, போதும்." "தலை போச்சுன்னா உங்கப்பாவுக்கு எதைக் குடுக்கிறதாம்?" ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மாமனார் எந்தச் சாப்பாட்டையும் தொடவில்லை, நேற்றுதான் வாய்திறந்து அணில் குழம்பு கேட்டார், மூளையோடு தலையும் கேட்டார். எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்குகிறாள். மேலே கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது அணில். "நான் அதுக்குக் கீழ இருக்கிற பட்டையைச் சுடப் போறேன். அந்த அதிர்ச்சியிலயே விழுந்துரும். பட்டை தெறிக்க மருந்து வேணும்ல?" "கிழிச்ச!" வெடிச்சத்தம் சரிவில் உருள்கிறது. வெள்ளைப் புகைக்குள் பட்டைச் சில்லுகள் உதிர்கின்றன, பின்னாலேயே அணில் சருகில் தொப்பென்று விழுகிறது. வெர்லின் அதன் தலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். ஒரு கீறல் இல்லை. "அடிப்பாவி! வா, வீட்டுக்குப் போலாம்." லீத்தா நிமிராமல், அதே அளவு மருந்தை மறுபடியும் கொட்டுகிறாள். "இருங்க. மனுஷன் இன்னொண்ணு கேப்பாரு."